மோட்டார் ரூமுக்கு வந்த யோகம்

அல்லிநகரத்துத் தோட்டங்களில் மோட்டார் ரூம் என்பது பெரும்பாலும் மோட்டாரைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும் இடம்: ஓட்டை மருந்துத் தெளிப்பான், காலி உரச்சாக்கு, பிடி கழன்ற மண்வெட்டி, சமயத்தில் ஒரு சாரைப்பாம்பு. மோட்டார் போர்வெல்லுக்குள் இறங்கிவிட்டது. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி மட்டும் மிச்சம். 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். பில் கட்டும் சாக்கிலாவது அந்த அறையை நினைக்க வேண்டிய அவசியமும் போயிற்று.

அந்த அறையைச் சீர்செய்ய நினைத்தால், பழுது பார்ப்பதைக் கூரையில்தான் தொடங்க வேண்டும். ஒழுகும் ஓட்டுக்குக் கீழே அடிக்கும் பெயிண்ட் ஐப்பசி அடைமழையைத் தாங்காது. அடுத்தது சுவர்: ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, பொரிந்த சுண்ணாம்பைச் சுரண்டி, விரிசலில் சிமெண்ட் பூசி, சில நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரும்புக் கதவின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, அது காய்ந்த பிறகே எனாமல். நடப்பது வேறு. துருவின் மேலேயே பளபளவென்று பச்சை எனாமல் ஏறும். அடுத்த கோடைக்குள் கொப்புளம் கொப்புளமாக உரியும். பழி பெயிண்ட் கடைக்காரர் தலையில்.

வீரப்ப அய்யனார் கோயில் ரோட்டைப் பார்த்த சுவருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. தேர்தல் வந்தால் செலவில்லாமல் வெள்ளையடித்துச் சின்னமும் வரைந்துவிடுவார்கள். மற்ற மூன்று சுவர்களும் தோட்டக்காரர் பொறுப்பு. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் பின்பக்கம் போவதில்லை.