இருக்கையியல்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சொகுசான பழைய பைக் சீட்டில் ரெக்சின் மட்டும் கிழிந்தால் உறையை மாற்றுவதா, சீட்டையே மாற்றுவதா என்பது இத்துறையின் தலையாய சிக்கல். முன்னாய்வாளர் எவரும் இதைத் தொடவில்லை. எல்லாரும் நின்றுகொண்டே ஆய்ந்தவர்கள் போலும்.

இதில் எங்கள் மாவட்டத்துக்குத் தனிப் பாத்தியதை உண்டு. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகையில் சமண முனிவர்களுக்காக வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள், தலையணை மேட்டோடு இருக்கின்றன. பெரிய படுக்கையில் உள்ள தமிழிக் கல்வெட்டு அதை ‘அதிட்டானம்’ என்கிறது. தமிழில் சொன்னால், சீட். யாருக்காகச் செய்தது, யார் செய்தது என்றும் இருக்கிறது. விலை மட்டும் இல்லை. இன்றைய சீட் கடைக்காரரும் முதலில் விலை சொல்வதில்லை என்பதால் மரபு அறுபடவில்லை எனத் துணியலாம். அந்த வாசகத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று அறிஞர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். படுத்தால் முதுகு வலிக்குமா என்று, நான் படித்தவரையில், ஒருவரும் எழுதவில்லை.

கிழிசல் மூவகை. வெயிலில் வெடிப்பது. பூனை பிறாண்டுவது. மச்சினன் இரவல் வாங்கிப்போய்த் திரும்பி வருவது. கடைசி வகையைக் குடும்ப நலன் கருதி விரிக்கவில்லை.

மாற்றுச் சீட்டுக்கு ஆதரவான சான்று: “பழசைக் கட்டிக்கிட்டு அழுவாதடா” (அத்தை, திண்ணை உரை, 2ஆம் பாகம், வெற்றிலைக்கு முன். வெற்றிலைக்குப் பின் வந்த திருத்திய பதிப்பில் ‘என்னமோ பண்ணித் தொலை’ என்பது பாடம்). எதிர்ச்சான்று: “கம்பெனி ஸ்பாஞ்சு அச்சுல வார்த்தது, இடத்துக்கு இடம் கனம் மாறும். வெட்டி ஒட்டுறது பலகை மாதிரி ஒரே சீரா இருக்கும்” (சீட் டைலர், வாய்மொழி, ஊசியைப் பல்லில் கடித்திருந்ததால் ஓரிரு சொல் ஐயத்துக்குரியவை). முந்தைய வண்டிக்கு நானே ரெடிமேட் சீட் போட்டேன். வழவழப்பில் சித்தன்னவாசல். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்க் மேல் ஏறினேன்.

இனி, பள்ளம். என் சீட்டின் பள்ளம் 11 ஆண்டு விளைச்சல். எனக்கு மட்டுமே பொருந்துவது. டைலர் ஸ்க்ரூடிரைவரால் துருப்பிடித்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி உறையை உரித்தபோது, பொற்பனைக்கோட்டை அகழாய்வுக் குழிபோல அடுக்குகள் துலங்கின. மேலே வலைக் கவர். அடியில் ரெக்சின். அதற்கும் அடியில், மழைக்கென்று செருகிய துணிக்கடைப் பை. கடைப் பெயர் அழிந்து, போன் நம்பரில் பாதி எஞ்சியிருந்தது. காலக்கணிப்புக்கு அது போதும்: எங்கள் தலைதீபாவளி. பையும் ஓட்டை. மழை விட்டு நாலு நாள் ஆகியும், ஸ்பாஞ்சைப் பிழிந்தால் டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது. தையல் ஓட்டை வழியே இறங்கும் தண்ணீர் லேசில் வெளியேறாது. காய்ந்துவிட்டதென்று நம்பி உட்கார்ந்தவரின் வேட்டியே முதன்மைச் சான்றாவணம்.

ஆக, ஸ்பாஞ்சைக் காயவைத்து உறையை மட்டும் மாற்றுவதென முடிவாயிற்று. மாலையில் போனேன். கறுப்பு ரெக்சின், சிவப்புப் பைப்பிங், தையல் கச்சிதம். உட்கார்ந்தேன். பள்ளத்தைக் காணோம்.

“நம்ம வாடிக்கையாச்சேன்னு ஒரு துண்டு ஸ்பாஞ்சு சும்மாவே வச்சு நெரவி விட்டுட்டேண்ணே,” என்றார்.

அகழாய்வு முடிந்தால் குழியை மூடுவதுதானே துறை வழக்கம்.