சிஸ்டம் தம்பி

அவருக்கென்று ஒரு பெயர் உண்டு; சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. காதோரம் நரைத்து, மகள் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டாலும் அலுவலகத்துக்கு அவர் 'சிஸ்டம் தம்பி'தான். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப்பையில் பென்டிரைவ், பின்பாக்கெட்டில் குட்டி ஸ்க்ரூடிரைவர். எந்த மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினாலும் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். மரியாதைக்காக அல்ல. "தம்பி, வந்தது வந்தீங்க, என் பிரிண்டரையும் கொஞ்சம் பாத்துருங்க."

அவர் வந்தது பிரிண்டருக்காக இல்லை. ஆரக்கிள் கிளையண்ட் போட வந்திருக்கிறார்.

கணக்குவழக்கு முழுவதும் கீழ்த்தளத்தில் ஏசி அறையில் ஒரு சர்வரில் ஆரக்கிள் தரவுத்தளமாகக் கிடக்கிறது. மாடிகளில் இருக்கும் இருநூறு சொச்சம் கணினிகளிலும் கிளையண்ட் என்ற மென்பொருள் இருந்தால்தான் அந்தத் தரவுத்தளத்தோடு பேச முடியும். பேச விலாசம் வேண்டுமே? அது டிஎன்எஸ்நேம்ஸ் டாட் ஓரா என்ற சின்னக் கோப்பில் இருக்கிறது: சர்வரின் பெயர், போர்ட் 1521, சர்வீஸின் பெயர், எல்லாம் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. ஒன்றை மூட மறந்தால் போதும், திரையில் ஓரா-12154 வந்து நிற்கும். கேட்ட பெயருக்கு விலாசம் கிடைக்கவில்லை என்று பொருள். கணக்குப் பிரிவில் இதை "ஆரக்கிள் போயிடுச்சு" என்பார்கள். சர்வரே எரிந்துபோனாலும் இதையேதான் சொல்வார்கள்.

மேலாளருக்கு இது ஒரு வேலையே இல்லை. "நெட்வொர்க்ல தள்ளி விட்டுடுங்க தம்பி, ஒரு ராத்திரி வேலை." ஏட்டளவில் அவர் சொல்வது சரிதான். இன்ஸ்டாலர் கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதி ஒரு ரெஸ்பான்ஸ் ஃபைலைக் கொடுத்துவிட்டால் அது வாயைத் திறக்காமல் தன் வேலையை முடித்துக்கொள்ளும். குரூப் பாலிசியில் ஒரு ஸ்கிரிப்டைச் சேர்த்தால் விடிவதற்குள் எல்லாக் கணினியிலும் புது கிளையண்ட். தம்பியும் நம்பிக்கையோடு சுற்றறிக்கை விடுவார்: 'இன்று இரவு யாரும் கணினியை அணைக்க வேண்டாம்.'

கணக்குப் பிரிவு கண்காணிப்பாளர் அம்மா ஐந்தரைக்குக் கிளம்பும் அழகைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுற்றறிக்கையின் கதி தெரியும். முதலில் மானிட்டர், அப்புறம் சிபியு, அப்புறம் யுபிஎஸ், கடைசியில் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கி ஒயரைச் சுருட்டி வைத்த பிறகுதான் கைப்பையைத் தொடுவார். தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியாகத் தட்டி எழுப்ப ஒரு வித்தை இருக்கிறது. பிளக் பிடுங்கிய கணினியை எழுப்ப இதுவரை வித்தை வரவில்லை.

மறுநாள் காலை தம்பி பென்டிரைவோடு அவர் மேஜை முன் நிற்பார்.

"அம்மா, நேத்து சுற்றறிக்கை பாக்கலையா?"

"பாத்தேனே தம்பி. பிரிண்ட் எடுத்து ஃபைல்லகூட வச்சிருக்கேன்."

இதற்கு மேல் என்ன பேச? தம்பி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். கீபோர்டுக்குக் கண்ணாடித்தாள் உறை. மானிட்டர் தலையில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், துடைக்கக் கூடாது. திரையோரம் மஞ்சள் ஒட்டுத்தாளில் பாஸ்வேர்டு, ஊரே படிக்கும் எழுத்தில். அம்மாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஆரக்கிளோடு பல ஆண்டுகள் கூடவே வந்த மாதிரிப் பயனரின் பெயர் ஸ்காட், பாஸ்வேர்டு டைகர். ஆரம்பகால ஊழியர் புரூஸ் ஸ்காட்டின் பெயரும் அவர் வீட்டுப் பூனையின் பெயரும். உலகத்துக்கே தெரியும். அம்மாவின் பாஸ்வேர்டு அந்த மாடிக்கு மட்டும்தான் தெரியும். அதையும் கேப்ஸ் லாக்கோடு திரும்பத் திரும்ப அடித்துக் கணக்கைப் பூட்டிவிட்டு, ஓரா-28000 வந்ததும், "நான் ஒண்ணுமே பண்ணல தம்பி, அதுவாவே லாக் ஆயிடுச்சு" என்பார்.

தம்பியின் உண்மையான கல்வி இந்த மேஜைகளில்தான் நடந்தது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைகழுவியதும் அலுவலகம் அவசரமாக 64-பிட் விண்டோஸுக்கு மாறியது. கணக்கு மென்பொருளோ பழைய 32-பிட். அதற்கு 32-பிட் கிளையண்டே வேண்டும். எந்த மேதாவியின் யோசனையோ தெரியாது, 64-பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' கோப்புறைக்குள் இருப்பது 64-பிட் சரக்கு. 32-பிட் சரக்கு 'சிஸ்வாவ்64'-க்குள். இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு தீபாவளி விடுமுறை செலவானது.

அதைவிடக் கொடுமை அடைப்புக்குறி. அந்த விண்டோஸில் 32-பிட் மென்பொருள்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)' என்ற கோப்புறையில் போய் உட்காரும். பழைய ஆரக்கிள் கிளையண்டுகள் சிலவற்றுக்கு, தம்மை அழைக்கும் மென்பொருளின் பாதையில் அடைப்புக்குறியைக் கண்டால் தலை சுற்றிவிடும், உடனே 12154. விலாசக் கோப்பில் தவறே இல்லை, மென்பொருள் குடியிருக்கும் தெருப் பெயர்தான் பிடிக்கவில்லை. தம்பி அதை சி டிரைவில் வெறும் ஒரு கோப்புறைக்குத் தூக்கிப்போட்டார். ஓடியது. "என்ன பண்ணீங்க?" என்று மேலாளர் கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் "ரெஜிஸ்ட்ரில ஒரு சின்ன இஷ்யூ சார்" என்பதே பதில். அது எல்லோருக்கும் திருப்தியாக இருக்கிறது.

தம்பிக்கு ஐபி முகவரிகள் நினைவிருக்காது; ஆட்கள் நினைவிருப்பார்கள். டெஸ்பாட்ச் அண்ணன் எந்தக் கோப்பைத் திறந்தாலும் நோட்பேடில் சேமித்து வாலில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிவிடுவார். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடுவதால் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். தணிக்கைப் பிரிவு இளைஞர் இணையத்தில் படித்துத் தானே இன்னொரு கிளையண்ட் போட்டுக்கொள்வார். பாத் வரிசையில் எது முந்துகிறதோ அதுதான் ஓடும். ஒரே மாதிரி வாங்கிய கணினிகள் ஆறு மாதத்தில் இருநூறு விதமாவது இப்படித்தான். மேலாளரின் ஸ்கிரிப்டில் இவர்களுக்கு இடமில்லை.

ஒருமுறை தம்பிக்குப் பொறுமை போய் ஒரு காரியம் செய்தார். விலாசக் கோப்பைப் பொதுக் கோப்புறை ஒன்றில் ஒரே ஒரு பிரதியாக வைத்து, எல்லாக் கணினியிலும் டிஎன்எஸ் அட்மின் என்ற மாறியை அதை நோக்கித் திருப்பிவிட்டார். சர்வர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். மேலாளர் கூட்டத்தில் கைதட்டினார். கொஞ்ச நாளில் அந்தப் பொதுக் கோப்புறை இருந்த இயந்திரத்தின் ஹார்டு டிஸ்க் படுத்தது. மூன்று மாடியிலும் ஒரே நேரத்தில் 12154. தனித்தனியாக அழைத்து வந்த ஜனம் அன்றைக்குத்தான் ஒற்றுமையாக லிஃப்டில் இறங்கி வந்தது.

"இனிமே இந்தத் தொல்லையே கிடையாது" என்றார் மேலாளர் பிற்பாடு. "எல்லாம் பிரௌசர்ல வந்துடும். கிளையண்டே வேணாம்." வந்தது. பிரௌசரில் திறந்தால் ஜாவா கேட்டது. குரோம் 2015-லேயே ஜாவா பிளக்-இன்னைக் கைவிட்டுவிட்டதால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் திறக்க வேண்டியிருந்தது. அதிலும் குறிப்பிட்ட ஜாவாப் பதிப்பு, இருநூறு சொச்சம் கணினியிலும்.

தம்பி சுற்றறிக்கை தயாரித்தார். கண்காணிப்பாளர் அம்மா அதையும் பிரிண்ட் எடுக்கப் போனார். பிரிண்டர் வேலை செய்யவில்லை.