ஆஃபர் அண்ணன்

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் இன்றைக்கு என்ன தேதி என்று கேளுங்கள். செல்போனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆஃபர் அண்ணன் மட்டும் எதையும் பார்க்க மாட்டார். "போனஸுக்கு இன்னும் ஒம்பது நாள், சார்" என்பார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் கூட்டுரோட்டில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தைச் சுற்றி இவரைப் போல ஐந்தாறு பேராவது தேறுவார்கள். ஒருவர் ஸ்வீட் பாக்ஸ், ஒருவர் குக்கர், ஒருவர் செல்போன் உறை. நான் சொல்லும் அண்ணன் ஆண்கள் ரெடிமேட். பத்துக்குப் பன்னிரண்டு கடை. வாசலில் தலையில்லாத பொம்மை ஒன்று, தலையோடு அண்ணன் ஒருவர்.

துணி வியாபாரம் செய்யக் கூடாத இடம் என்று தமிழ்நாட்டில் ஒன்று இருந்தால் அது ஒரகடம்தான். 2010-இல் ரெனோ நிஸான் கார், 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று ஒவ்வொரு கேட்டாகத் திறக்கத் திறக்க ஊரில் ஆள் கூடியது. கூடிய ஆள் அத்தனை பேரும் யூனிஃபார்மில் இருந்தார்கள். காலையில் யூனிஃபார்ம், இரவில் லுங்கி. நடுவில் சட்டைக்கு எங்கே இடம்? வேறொருவராக இருந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு டீக்கடை போட்டிருப்பார். அண்ணன் கணக்கு வேறு. "வருஷம் பூரா சாம்பல் கலர்ல நிக்கிறவன், தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ என்ன கலர் கேப்பான்? மயில் கழுத்து, சார்! மயில் கழுத்து!"

ஆகவே அவருக்கு வருடம் என்பது ஆயுதபூஜைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்கள். 2025-இல் அது அக்டோபர் 1-இல் தொடங்கி 20-இல் முடிந்தது. மீதி நாட்களில் அவர் உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான்.

1965-ஆம் வருடத்துப் போனஸ் சட்டத்தை வக்கீல்கள்கூட அவ்வளவு பக்தியோடு படித்திருக்க மாட்டார்கள். குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் போனால் 20 என்பது கூட்டுரோட்டில் கிளாஸ் கழுவும் பையனுக்கும் தெரியும். அண்ணன் பிடித்துக்கொண்டது வேறு ஷரத்து. கணக்கு வருடம் முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸைக் கொடுத்துவிட வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கிற கம்பெனி நினைத்தால் நவம்பர் 30 வரை இழுக்கலாம். தீபாவளியோ அதற்கு முன்பே வந்து போய்விடும். "சட்டம் எழுதுனவருக்குத் துணிக்கடை வச்ச மச்சான் இல்ல சார். இருந்திருந்தா, தீபாவளிக்கு இருவது நாள் முன்னாடின்னு தெளிவா எழுதியிருப்பாரு."

சட்டம் விட்ட ஓட்டையை அண்ணன் ஒற்றர்களை வைத்து அடைக்கிறார். கேன்டீனுக்குக் காய்கறி இறக்குபவர், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, கம்பெனி பஸ் டிரைவர் மூவருக்கும் ஆயுதபூஜைக்கு ஆளுக்கொரு சட்டை. பதிலுக்குத் தகவல் வரும்: எந்தக் கம்பெனியில் பேச்சுவார்த்தை முடிந்தது, எங்கே கையெழுத்து பாக்கி, எங்கே பணம் கணக்கில் ஏறப்போகிறது. தனக்கு எவ்வளவு போனஸ் என்பதை அண்ணன் கடையில் தெரிந்துகொண்டு போய் ரூமில் சொன்ன தொழிலாளிகள் இருக்கிறார்கள். தொழிலாளி ஜெயிக்க வேண்டும் என்று இவ்வளவு உருகும் முதலாளியை நான் பார்த்ததில்லை. ஆனால் ஜெயிப்பது சீக்கிரம் நடக்க வேண்டும். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நீண்டபோது, அண்ணன் ஒவ்வொரு நாளையும் காலண்டரில் அடித்துக்கொண்டே வந்தார். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31. சமாதானம் ஆனது என்று செய்தி வந்த அன்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அவருடைய விளம்பரம் மொத்தமும் ஒரே ஃப்ளெக்ஸில் அடக்கம். 'மாபெரும் ஆடித் தள்ளுபடி' என்று எப்போதோ அடித்தது. ஆடி முடிந்ததும் 'ஆடி'யின் மேல் 'தீபாவளி' என்று ஸ்டிக்கர். ஒட்டியவன் சரியாக இழுத்து ஒட்டாததால் வெயில் சாயும்போது உள்ளேயிருந்து ஆடி எட்டிப் பார்க்கும். 'திருப்பூரிலிருந்து நேரடியாக' என்றும் அதில் இருக்கிறது. சரக்கு வருவது வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து. கேட்டால், "திருப்பூர்லேர்ந்து நேரா எம்.சி. ரோடு, எம்.சி. ரோட்லேர்ந்து நேரா இங்க. எங்கயாச்சும் வளையுதா?" என்பார்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்தபோது அண்ணன் ஃப்ளெக்ஸில் இன்னொரு ஸ்டிக்கர் ஏறியது: 'வரிக் குறைப்பு உங்களுக்கே!' ஆயத்த ஆடைகளுக்கு 1,000 ரூபாய் வரை இருந்த 5 சதவீத வரி 2,500 ரூபாய் வரைக்கும் நீண்டது. நல்ல செய்திதான். அண்ணன் கடையிலேயே விலை கூடிய சட்டை 799. "உங்க சட்டைக்கு வரி குறையவே இல்லையேண்ணே?" என்றேன். "ஏறவும் இல்லயே சார். அதைக் கொண்டாடக் கூடாதா?"

கடைக்குள் அவர் பேசும் பாஷை வாடிக்கையாளரிடமிருந்து பொறுக்கியது. ஆல்ட்ரேஷன் என்று சொல்ல மாட்டார், 'ரீவொர்க்'. பட்டன் போன சட்டை 'ரிஜெக்ட் பீஸ்'. கல்லாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை: டார்கெட் 80, ஆக்சுவல் 31. இந்த நிலைக்கு அவர் எளிதாக வந்துவிடவில்லை. முதன்முதல் ஒரு சூப்பர்வைசர் "அண்ணா, கடையில 5எஸ் பண்ணுங்க" என்று, இடத்தை ஒழுங்காக அடுக்கி வைக்கும் ஜப்பான்காரன் பாடத்தை எடுத்துவிட்டபோது, ஸ்மால் சைஸில் ஐந்து பீஸ் எடுத்துக் கட்டிக் கொடுத்தவர் இவர்.

சீசனில் கடை திறப்பது காலை ஐந்தே முக்கால். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவன்தான் அவருக்கு உத்தம வாடிக்கையாளர். கண் சொருகியிருக்கும், பேரம் பேச வாய் வராது, கண்ணாடியில் தெரிவது தானா பொம்மையா என்று ஊன்றிப் பார்க்கவும் மாட்டான். மதிய ஷிஃப்ட்டுக்குப் போகிறவன் கெட்டிக்காரன், சோறு தின்றுவிட்டு வந்து தையலை இழுத்துப் பார்ப்பான். அவனுக்கு வேறு விலை.

வாசலின் வலப்பக்கம் இந்தியில் ஒரு போர்டு. பீகார், ஒடிசா, அசாம் பையன்களுக்காக. தீபாவளி முடிந்த அடுத்த வாரம் பீகார் பையன்களுக்குச் சத் பூஜை வருவதால் அண்ணனுக்கு அது ஒரு கொசுறு சீசன். பேச்சில் அண்ணன் தீவிர மொழிப்பற்றாளர். போர்டைப் பற்றிக் கேட்டால், "அது மொழி இல்ல சார், விலை" என்று முடித்துவிடுவார். இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்ததும் 1965-இல்தான், போனஸ் சட்டம் வந்ததும் 1965-இல்தான். இரண்டில் எது தனக்குச் சோறு போடுகிறது என்பதில் அண்ணனுக்குக் குழப்பமே இல்லை.

ரீல்ஸும் போடுகிறார். மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாததால் மாடலும் அவரே. எக்ஸ்எல் உடம்பு, மீடியம் சட்டை. முன்பக்கத்திலிருந்து மட்டும் எடுப்பார்கள்; பின்பக்கம் முழுக்கத் துணி கிளிப்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அவருடைய 'ஊர்ப் பை'. ஷிஃப்ட் முடிவதற்கும் ஊருக்குப் பஸ் ஏறுவதற்கும் நடுவே கால் மணி நேரம் வைத்திருக்கும் டிரெய்னிகளுக்காகக் கண்டுபிடித்தது. ஒரு சேலை, ஒரு சுடிதார் பீஸ், ஒரு வேட்டி, ஒரு சட்டை. இதற்காகவே சீசனில் பெண்கள் துணியும் கொஞ்சம் இறக்குகிறார். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன், அம்மாவுக்கு என்ன கலர் என்று தெரியாமல் முழித்தான்.

"அம்மா கொல்லை வேலைக்குப் போறாங்களா, வீட்ல இருக்காங்களா?"

"நூறு நாள் வேலைக்குப் போவாங்கண்ணா."

"அப்ப வெளிர் கலர் வேணாம். அழுக்காயிடும்னு கட்டாமயே பீரோல வச்சிடுவாங்க. இந்த அரக்கை எடு."

எடுத்தான். காசு குறைந்தது. கான்ட்ராக்ட் ஆள், போனஸ் தீபாவளி கழித்துத்தானாம். அண்ணன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் 'டிரெய்னி பாக்கி' என்று தனிப் பக்கங்கள் இருக்கின்றன. வசூலாகுமா என்று கேட்டேன். "ரிஜெக்ஷன் ரெண்டு பர்சென்ட் வரைக்கும் போலாம் சார், அக்செப்டபிள்" என்றார்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு ராத்திரியும் கூட்டுரோடு திருவிழா. முதுகில் ஒரு பை, கையில் அண்ணன் கடைப் பை என்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போக நிற்கும் கூட்டம். ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர். பிறகு சட்டென்று ஒன்றுமில்லை. அவர் கடைச் சட்டை கலசபாக்கத்திலும் கள்ளக்குறிச்சியிலும் வெடி வெடித்துக்கொண்டிருக்க, ஒரகடத்தில் தீபாவளியன்று நாய்கூடக் குறுக்கே போகவில்லை. இத்தனை பேருக்குத் தீபாவளி விற்றவர் ஊரில் தீபாவளியே கிடையாது.

மூன்றாம் நாள் போனேன். பொம்மை புதுச் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றது. அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி, ஃப்ளெக்ஸில் ஜாண் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"பொங்கலுக்கு அளவு பாக்குறேன் சார். தீபாவளியும் நாலெழுத்து, பொங்கலும் நாலெழுத்து. அப்படியே மேல ஒக்காந்துடும். பெரியவங்க யோசிச்சுத்தான் பேர் வச்சிருக்காங்க."

"நடுவுல கிறிஸ்துமஸ் வருதே?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆறெழுத்து சார். போர்டு தாங்காது."