மாவு மில் மாடியில் ஜெர்மன்

என் பேத்தி ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவள். மூன்றரை வயது. வீட்டில் அவளிடம் தமிழ்தான் பேசுகிறோம் என்று மகளும் மருமகனும் சத்தியம் பண்ணுகிறார்கள். நம்புகிறேன். ஆனால் மழலையர் காப்பகத்தில் சேர்ந்த ஆறாவது மாதம், வீடியோ காலில் என்னை உற்றுப் பார்த்து அவள் நீளமாக ஒரு வாக்கியம் பேசினாள். அதில் 'ஓப்பா' மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஜெர்மனில் தாத்தாவுக்கு ஓப்பா. மிச்சத்தை மகள் மொழிபெயர்த்தாள்.

"உங்க மூக்குக்குள்ள ஏன் முடி இருக்குன்னு கேக்குறாப்பா."

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் மூன்றாம் மனுஷர் வழியாகவா பதில் சொல்வது? மறு வாரமே மேற்கு மாம்பலத்தில் ஒரு மாவு மில்லுக்கு மாடியில் நடக்கும் ஜெர்மன் வகுப்பில் பணம் கட்டிவிட்டேன். வயது அறுபத்தொன்று. வங்கியிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடம்.

'சிறிய குழு, தனிக் கவனம்' என்று வாசலில் பலகை. அதில் உள்ள ஆபத்து அப்போது உறைக்கவில்லை. நான் அறுபது பேர் வகுப்பில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். இங்கே மொத்தமே ஆறு பேர். தூண் கிடையாது. ஒரு கேள்வி கிளம்பினால் ஐந்து பேரைத் தாண்டி என்னிடம் வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகாது.

மற்ற ஐந்து பேருக்கும் பிழைப்பு சம்பந்தப்பட்ட காரணம் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து ஒரு நர்ஸ், திருநெல்வேலியிலிருந்து ஒரு நர்ஸ். ஏ1-இல் ஆரம்பித்து பி2 வரை ஏறினால்தான் அங்கே வேலை என்று படிக்கட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மேல்படிப்புக்குப் போகிற மெக்கானிக்கல் பையன் ஒருவன். கல்யாணமாகி நாலே மாதமான ஒரு பெண், கணவர் மியூனிக்கில். ஏ1 சான்றிதழ் இல்லாவிட்டால் மனைவிக்கான விசா கிடைக்காது, ஆகையால் இல்லறத்துக்கும் அவளுக்கும் நடுவே இலக்கணம் நின்றது. இன்னொருவர் ஐ.டி.காரர், எதற்கு வந்தார் என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. மூக்கு முடிக்காக வந்தவன் நான் ஒருவன்தான். எல்லாருக்கும் நான் 'அங்கிள்'.

முதல் நாளே ஒரு படிவம் கொடுத்தார்கள். முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப்பெயர் ஒரு கட்டம். நமக்கேது குடும்பப்பெயர்? நமக்கு இருப்பது தலைப்பெழுத்து. சில சமயம் அதுவே தலையெழுத்து.

"இனிஷியலை விரிச்சு எழுதிடுங்க அங்கிள்" என்றார் டீச்சர். விரித்தேன். அப்பா வந்தார்.

ஜெர்மன்காரர்கள் மரியாதையாகக் கூப்பிடுவது குடும்பப்பெயரால்தானாம். ஆக, வகுப்பில் 'ஹெர்' என்ற அடைமொழியோடு என் அப்பாவின் பெயர் எனக்கு வந்து சேர்ந்தது. அவர் காலமாகி இருபத்திரண்டு வருடம். கணக்கு வாத்தியார். வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டுத்தான் வருகைப்பதிவே எடுப்பார். இப்போது வாரம் மூன்று நாள், என் மகளைவிடச் சின்னவரான ஒரு டீச்சர் அவர் பெயரைச் சொல்லி, "வீட்டுப்பாடம் எங்கே?" என்று கேட்கிறார். முதல் தடவை கேட்டபோது, அப்பாதான் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் அனிச்சையாக எழுந்து நின்றேன். பெஞ்சு இல்லாததால் ஏறவில்லை.

புதுப்பெண் பாடு இன்னும் மோசம். பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது கணவரின் பெயர். அதனால் டீச்சர் நிமிஷத்துக்கு ஒரு தரம் 'ஃப்ராவ்' போட்டு மாப்பிள்ளை பெயரைக் கூப்பிட, அவள் குங்குமமாய்ச் சிவந்துவிட்டாள். "மேம், நானே அவரை இன்னும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

அடுத்த சிக்கல் மரியாதை. நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ, நீங்கள் உண்டு. கேட்டதும் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. சொற்களைக் கேட்டதும் அந்த நிம்மதி போயிற்று. நீங்கள் என்பதற்கு 'ஸீ'. நீ என்பதற்கு 'டூ'.

அந்த 'ஸீ'யைத் தேனீ ரீங்கரிப்பதுபோலச் சொல்ல வேண்டும். மாம்பலத்து நாக்கில் அது 'சீ' என்றுதான் விழும். இரண்டு நர்ஸ்களும் எதிரும் புதிருமாக நின்று 'சீ', 'சீ' என்று மாறி மாறி மரியாதை செலுத்திக்கொண்டதைக் கேட்டு, மாவு அரைக்க வந்த ஒரு அம்மாள் பாதிப் படி ஏறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

'டூ' அதைவிடப் பெரிய கூத்து. சின்ன வயதில் சுண்டுவிரலை நீட்டி டூ விட்டால் ஒரு வாரம் பேச்சு கிடையாது. ஜெர்மனில் ரொம்ப நெருக்கமானவர்களுக்குத்தான் டூ. மனைவிக்கு டூ, குழந்தைக்கு டூ, நாய்க்குட்டிக்கு டூ. கடவுளைக் கும்பிடும்போதுகூட டூதானாம். ஒருநாள் நாகர்கோவில் நர்ஸ் என்னிடம் 'டூ' போட்டுப் பெயர் கேட்க வேண்டிய பயிற்சி. வாய் வரவில்லை அவளுக்கு. "அங்கிள்" என்று ஆரம்பித்து, "சீ"யில் முடித்தாள். அறுபது வயதுக்காரருக்கு டூ விட மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

அவள்தான் எங்கள் வகுப்பின் இலக்கண ஆசிரியை என்றும் சொல்லலாம். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா என்று காட்ட ஒரு சொல் நிற்கும்: டேர், டீ, டாஸ். இதை எப்படி நினைவில் வைப்பது என்று நாங்கள் முழித்தபோது அவள் சொன்னாள்: "சிம்பிள் அங்கிள். ஆம்பளைன்னா டேய், பொம்பளைன்னா டீ. நம்ம ஊர்ல கூப்பிடுறதுதான."

இதற்கு மேல் ஒரு சூத்திரம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் யார் டேய், யார் டீ என்பதில்தான் ஜெர்மன்காரர்கள் காலை வாரிவிட்டார்கள். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு குடும்பமே படுத்திருக்கிறது. சூரியன் பெண், சந்திரன் ஆண். இதை மனைவியிடம் சொன்னேன். "பகல் பூரா வேகுறது யாரு? பொம்பளைதான். சரியாத்தான் வெச்சிருக்கான்" என்று இட்லிக் குண்டானை இறக்கினாள்.

குழந்தை அஃறிணை என்றதும் மெக்கானிக்கல் பையன் கொதித்துவிட்டான். "குழந்தையப் போய் எப்படி அங்கிள் அது இதுன்னு சொல்றாங்க?" நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தம்பி, பக்கத்து வீட்டுல குழந்தை அழுதா நீ என்ன சொல்வே?" என்று கேட்டேன். "குழந்தை அழுவு..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

அந்தப் பையன்தான் டீயில் மாட்டினான். ஹோட்டலில் ஆர்டர் கொடுக்கும் பயிற்சி. டீச்சர்தான் பரிமாறுபவர். "எனக்கு டீ" என்று ஜெர்மனில் ஆரம்பித்து நிறுத்தினான். டீச்சர் காத்திருந்தார். அவனும் காத்திருந்தான்.

"டீ... அப்புறம்? எந்தப் பெண்பால் பொருள் வேணும் உங்களுக்கு?"

ஜெர்மனில் டீக்கு 'டே' என்று பெயர். போதாக்குறைக்கு அது ஆண்பால்: டேர் டே. கீழே முக்குக் கடை மாஸ்டரிடம் போய் 'ரெண்டு டே' என்று கேட்டால் கண்ணாடி டம்ளர் பறந்து வரும்.

உச்சரிப்பில் எனக்குச் சந்தோஷம் தந்தது ஒரே ஒரு இடம். நான் என்பதற்கு 'இஃ', புத்தகத்துக்கு 'பூஃ'. வாழ்நாள் பூராவும் எஃகையும் அஃதையும் தவிர வேறு சொந்தச் சோலி இல்லாமல், 'ஃப'வுக்கு எடுபிடியாகக் கிடந்த ஆய்த எழுத்துக்கு வெளிநாட்டில் முழுநேர உத்தியோகம் கிடைத்திருக்கிறது. நல்லா இருக்கட்டும். ஆனால் ஈ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு ஊ சொல்ல உதட்டைக் குவிக்க வேண்டிய ஓர் உயிரெழுத்து இருக்கிறதே, அது உயிரையே எடுத்தது. ஆறு பேரும் உதட்டைக் குவித்து உட்கார்ந்திருந்த காட்சி, சூடான காப்பியை ஒன்றாக ஊதி ஆற்றுவதுபோல இருந்தது. அந்த எழுத்து சரியாக வராவிட்டால் சமையலறை கேக்காகிவிடும். 'நான் கேக்குக்குள் இருக்கிறேன்' என்று இரண்டு வாரம் நான் சொல்லிக்கொண்டிருந்தது அப்படித்தான்.

வேற்றுமை வந்த அன்று மட்டும் நெஞ்சை நிமிர்த்தினேன். மொத்தம் நாலுதானாம். எட்டில் புழங்கியவனுக்கு நாலு எம்மாத்திரம்? அன்று சாயங்காலமே நிமிர்ந்த நெஞ்சு தாழ்ந்தது. நாம் பெயரின் வாலில் ஐயையோ குவையோ ஒட்டிவிட்டு நடையைக் கட்டுகிறோம். அவர்கள் முன்னால் நிற்கும் டேரையும் டீயையும் ஆட்டிப் படைக்கிறார்கள். டேர், டென் ஆகி, டெம் ஆகும். 'பெண்ணுக்கு' என்று சொல்லப்போனால் டீ போய், அந்த இடத்தில் டேர் வந்து உட்காரும். டேய்! ஆண்பால் என்று இத்தனை நாள் நெட்டுருப் போட்ட அதே டேய்! நர்ஸ் தன் சூத்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

எண்களைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கட்டுக்கட்டாகப் பணம் எண்ணியவன், 47-ஐ 'ஏழும் நாற்பதும்' என்று சொல்லும் ஊரில் 74 என்று எழுதிவைத்தேன். தணிக்கைக்காரர் பார்த்திருந்தால் என் ஓய்வூதியத்தை நிறுத்தியிருப்பார். மணிக்கணக்கு அதற்கும் மேல். ஒரு சனிக்கிழமை, என்னைச் சோதிக்க நினைத்த மகள், 'ஹால்ப் ஃபியருக்குக் கூப்பிடுங்கப்பா' என்று செய்தி அனுப்பினாள். ஃபியர் நாலு, ஹால்ப் அரை. நாலரை. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம். எனவே நம் கணக்கில் இரவு எட்டு. தலை வாரி, சட்டை மாற்றி, எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். பேத்தி ஏழு மணியிலிருந்து காத்திருந்துவிட்டு, கோபித்துக்கொண்டு ஊஞ்சலாடப் போய்விட்டாளாம். நாலுக்குப் பாதி வழியில் இருப்பதுதான் அவர்களுக்கு அரை நாலு. அதாவது மூன்றரை.

நியாயமாகப் பேசினால், நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒன்பதுக்குப் பத்து மடங்கைத் தொண்ணூறு என்றும், நூறு மடங்கைத் தொள்ளாயிரம் என்றும் சொல்லி, பரம்பரையாக அதற்குக் காரணம் சொல்லாமல் தப்பித்து வருகிறோம். சீகன்பால்கு இதற்கெல்லாம் என்ன பாடுபட்டிருப்பார் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர். வயது இருபத்து மூன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்பார்கள். பத்தே வருடத்தில், 1716-இல், அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சாகிவிட்டது. எனக்கோ ஏ.சி. அறை, வண்ணப் படம் போட்ட புத்தகம், போனில் அகராதி. நாலு மாத முடிவில் என்னால் ஜெர்மனில் பிழையின்றிச் சொல்ல முடிந்தது என் பெயர், வயது, ஊர், நான் பேசும் மொழிகள், பொழுதுபோக்கு. போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஆனாலும் வந்த காரியத்தை நான் மறக்கவில்லை. கடைசி வாரம் டீச்சரிடம் தனியாகக் கேட்டேன்: "ஏன்னா நான் ஒரு தாத்தா. இதை எப்படிச் சொல்றது?"

"'ஏன்னா' ஏ2-லதான் வரும் அங்கிள்."

"அதுவரைக்கும் மூக்கு தாங்காதும்மா."

எதற்கென்று சொன்னேன். சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: 'வைல் இஃ ஐன் ஓப்பா பின்'. இந்த இடத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும், பலருக்குத் தகராறு பண்ணும் என்று எச்சரித்தார். எனக்கு ஒரு தகராறும் இல்லை. பிறந்ததிலிருந்து வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிறவன். நடையிலும் மாடியிலும் குளியலறையிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மூன்று தடவை சரிபார்த்த நேரம். பேத்தி திரையில் வந்ததும் எடுத்த எடுப்பில் வணக்கம் சொல்லி, என் பெயர் சொல்லி, நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றும், சென்னையில் வசிக்கிறேன் என்றும் ஜெர்மனில் அறிவித்தேன். அவள் கண் கொட்டாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "வைஸ் இஃ" என்றாள். மகள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. 'எனக்குத் தெரியும்.'

பிறகு முகத்தைக் கேமரா பக்கத்தில் கொண்டுவந்தாள். கேள்வி வரப்போகிறது. நான் பதிலை நாக்கு நுனியில் ஏற்றி வைத்துக்கொண்டேன்.

"டூ, ஓப்பா... வோ இஸ்ட் ஓமா?"

ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகப் புரிந்தது. ஏய் தாத்தா, பாட்டி எங்கே?

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள். "என்னது, குழந்தை உங்களுக்கு டூ விட்டுடுச்சா? என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பி, "சாப்டியா தங்கம்?" என்றாள்.

"யா" என்றாள் பேத்தி.

"என்ன சாப்ட?"

அதற்கு ஜெர்மனில் நீளமாக ஏதோ பதில் வந்தது. மனைவி "அப்படியா! அப்புறம்?" என்றாள். அதற்கும் பதில் வந்தது. இருவரும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். கால் மணி நேரம் இப்படியே போயிற்று. நடுவில் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்களேன். எனக்கு முன்னாடி உங்க மூக்குதான் தெரியுது."