டுரியான் தராசுல ஆட்டுக்குட்டி

வா மருமவனே. டுரியான் நிறுக்குற தராசத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்ட? புதுசா ஈன்ன குட்டிய நிறுக்கவா? நிறு, நிறு. ரெண்டு கிலோ தேறலன்னா தராசத்தான் திட்டணும். நேத்தும் அப்படித்தான செஞ்ச.

நீ கெட்டிக்காரன்யா. கிடாய்க்கு ஊறவச்ச கடலை, உனக்கு குளுவாங்ல இருந்து கயா ரொட்டி ரெண்டு பொட்டலம். சினை ஆட்டுக்கு மட்டும் "அது தானா மேஞ்சுக்கும் மாமா"! எதை மேயும்? அந்தக் காலத்துல, எண்பதுகள்ல, நம்ம மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்காரங்க டோர்செட் ஹார்ன் ஆடெல்லாம் கொண்டாந்து பால்மரத்துக்கு அடியில மேய விட்டாங்க. களைவெட்டுக் கூலி மிச்சமாச்சு. மரம் இளசா இருக்குற வரைக்கும் புல்லும் இருந்துச்சு. உன் செம்பனையோ ஓலைய விரிச்சு கூரை போட்டுருச்சு. அதுக்குக் கீழ நிழலத்தான் மேயணும்.

ஆட்டுக்குச் சினை 147 நாள், கொஞ்சம் முன்னப்பின்ன. முதல் மூணு மாசத்துலயே நஞ்சு வளந்து முடிஞ்சிரும். குட்டிக்குச் சோறு போற வழி அதுதான். அப்பப் பட்டினி போட்டா வழி குறுகிப் போகும். கடைசி ஆறு வாரத்துலதான் குட்டியோட எடையில முக்காவாசி ஏறும். நீ சரியா அந்த ஆறு வாரம் பார்த்து சிங்கப்பூருக்கு ஓவர்டைம் போயிட்ட.

ரெட்டைக் குட்டி இடத்தப் புடிச்சா இரைப்பை நசுங்கிப் போகும். நீ கட்டுக்கட்டா புல்லறுத்துப் போட்டாலும் கொஞ்சந்தான் உள்ள போகும். அதனாலதான் அளவு சின்னதா, சத்து பெருசா தீவனம் வைக்கச் சொன்னேன். இல்லன்னா தாய் தன் கொழுப்பையே கரைச்சுக் குட்டிக்கு ஊட்டும். அப்ப வாய்கிட்ட மூக்க வச்சுப் பாரு, அழுகுன பழம் மாதிரி இனிச்ச வாடை வரும். அப்புறம் படுத்துச்சுன்னா எந்திரிக்காது. தப்பிச்சு ஈன்னாலும் சீம்பால் சரியா சுரக்காது.

உடனே ஓடிப் போயி செம்பனைப் புண்ணாக்க மூட்டையா கொட்டிருவ, விலை மலிவுல்ல! அதுல செம்புச்சத்து இருக்கு. மாடு தாங்கும், வெள்ளாடும் தாங்கும், உன் செம்மறிக்கு ஈரல்ல சேந்து சேந்து ஒருநாள் வெடிக்கும். கண்ணு மஞ்சளாகி, மூத்திரம் கோப்பி-ஓ நிறத்துல போகும். அப்ப உன் கோப்பி டம்ளர ஆட்டுக்குக் கீழ வச்சு ஏமாந்துராத. புண்ணாக்கு வைக்கிறதுக்கு முன்னாடி குளுவாங்ல கால்நடை டாக்டருங்ககிட்ட அளவு கேளு, வெக்கப்படாத.

இன்னொண்ணு, அந்தக் குமரி ஆடு. வளர்ச்சி முடியாத வயசுலயே கிடா சேர்த்துப்புட்டு, பாவம்னு தீனிய அள்ளிப் போடுறியே, அதுவும் ஆகாது. ஸ்காட்லாந்துல ரோவெட் ஆராய்ச்சி நிலையத்துல பார்த்துச் சொன்னது இது. வளருற வயசு ஆட்டுக்கு அளவுக்கு மீறிப் போட்டா அது தன் உடம்ப வளத்துக்கும், நஞ்சு சிறுத்துரும், குட்டியும் சிறுத்துரும். உன் அத்தைகிட்ட இதச் சொன்னேன், "யாருக்குய்யா குத்திக் காட்டுற"ன்னு ரெண்டு நாளா பேசல.

தராசக் கீழ வை. அந்தா கொட்டகையில நிக்குற ஆட்டோட கடைசி விலாவுக்குப் பின்னாடி, இடுப்புமேட்டுல கட்டைவிரலால அமுக்கு. எலும்பு முனை ஊசியா குத்துதா, சதைக்குள்ள மழுங்கலா தெரியுதா? குத்துதுல்ல? எப்ப ஈனும்? அஞ்சு வாரம் இருக்கா, நல்லது. அந்த ரெண்டாவது ரொட்டிப் பொட்டலத்த இங்க தள்ளு. ஆட்டுக்கில்லய்யா, எனக்கு. ஆட்டுக்கு நீ போயி தீவனம் வாங்கிட்டு வா.