தேன் வேண்டாம், ஊறுகாய் பார்க்கலாம்

நியூசிலாந்தின் மவுண்ட் குக் தேசியப் பூங்காவில், 1,800 மீட்டர் உயரத்தில், சிவப்புச் சாயம் பூசிய ஒரு குடில் நிற்கிறது. பெயர் முல்லர் ஹட். 28 பேர் படுக்கலாம். கீழிருந்து ஏற நாலு மணி நேரம் ஆகும். அதில் வழியிலுள்ள சீலி குளங்கள் வரைக்கும் மட்டுமே 2,200 படிகள். பழநிக்கே வின்ச்சில் போய்வரும் ஒரு சென்னைக்காரர், அங்கே ஓர் இரவு தங்குவதென்று முடிவெடுத்தார். மனைவியும் மச்சானும் உடன் வருவதாக ஏற்பாடு.

கோடையில் முன்பதிவு செய்யாமல் அங்கே இடம் கிடைக்காது. முன்பதிவு எளிதாக முடிந்தது. மூட்டை கட்டுவதில்தான் சிக்கல்.

"கேஸ் அடுப்பு அங்கயே இருக்காம் மாமா" என்றான் மச்சான். அவ்வளவுதான், மாமாவின் பட்டியலில் குக்கர் ஏறிவிட்டது. குடிலில் மெத்தை உண்டு, போர்வை கிடையாது. தூங்கும் பையை நாம்தான் சுமக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். குப்பைத்தொட்டி கிடையாது, மேலே கொண்டுபோன பொட்டலத்தின் காலி உறையைக்கூட கீழே கொண்டுவந்தாக வேண்டும். இதைப் படித்ததும் மாமா பட்டியலில் இருந்த முருங்கைக்காயை அடித்துவிட்டார். சக்கையை யார் சுமப்பது?

மலைக்கு முன்னால் விமான நிலையம் என்று ஒன்று இருக்கிறது. அறிவிக்காமல் உணவுப்பொருள் கொண்டுவந்து மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஏற்கெனவே போட்டு நடந்த மலையேற்றக் காலணியையும் படிவத்தில் எழுதிக்காட்ட வேண்டும். அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. மச்சான் மொட்டை மாடியில் உட்கார்ந்து, பழைய பல் துலக்கியால் காலணியின் பள்ளம் பள்ளமாகத் தேய்த்தான். தன் பல்லுக்கு அவன் அத்தனை நேரம் செலவழித்ததில்லை.

மச்சானின் அக்காவுக்குத்தான் வருத்தம். இருமலுக்கென்று எடுத்துவைத்த கொல்லிமலைத் தேனை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். தேனீக்களுக்கு நோய் வந்துவிடுமாம். இத்தனைக்கும் இப்போதுள்ள குடிலை 2003இல் திறந்துவைத்த எட்மண்ட் ஹிலாரி, எவரெஸ்ட் ஏறுவதற்கு முன்னால் தேனீ வளர்த்துப் பிழைத்தவர். அவர் ஏறிய முதல் பெரிய மலையான ஆலிவியர் அந்தக் குடிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "அவங்க ஊர்த் தேனையே வாங்கிக்கலாம்" என்று மாமா சமாதானம் சொன்னார். ஊறுகாய் பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.

அடுத்த கவலை கீயா. பனிமலையில் வாழும் கிளி; பச்சை உடம்பு, கொக்கி மூக்கு, திருட்டுப் புத்தி. காரின் ரப்பர் பட்டையை உரிக்கும். காலணியை வெளியே விட்டால் கிழித்துப் போடும், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போகும். 2009இல் ஒரு சுற்றுலாப் பயணியின் பாஸ்போர்ட்டையே கவ்விக்கொண்டு காட்டுக்குள் பறந்தது. 2013இல் இன்னொருவர் வண்டியில் வைத்திருந்த 1,100 டாலர் போயிற்று. இரண்டு பேருமே ஸ்காட்லாந்துக்காரர்கள். சென்னைக்காரர்களிடம் அது வாலாட்டாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடவுச்சீட்டுகள் மூன்றும் அக்காவின் இடுப்புப் பைக்குள் போயின.

எஞ்சியது குறட்டை. குடிலில் தனியறை கிடையாது. முன்பின் தெரியாதவர்களோடு தோளோடு தோள் சேர்த்துப் படுக்க வேண்டும். அப்படிப் படுக்கிறவர்கள் காதடைப்பான் கொண்டுபோவது வழக்கம். மாமாவும் ஒரு ஜோடி எழுதிக்கொண்டார், மற்றவர்கள் குறட்டை தன் தூக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று. அக்கா பட்டியலை வாங்கி ஒன்றை அடித்து 27 என்று திருத்தினாள்.

"எதுக்கு இத்தனை?"

"28 பேர்ல உங்களக் கழிச்சா எத்தனை?"

மாமா கணக்குப் போட்டார். எடை குறைவுதான் என்பதால் ஆட்சேபிக்க முடியவில்லை. குக்கரைத்தான் வெளியே எடுத்து வைத்தார்.