ஐந்தாவது கம்பி

கையில் காசு குறைவு. பழைய ஐந்து கம்பி பேஸ் கிடார் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
*வாசகர், கோவை*

முதலில் கழுத்தைப் பாருங்கள். விற்பவருடையதை அல்ல, கிடாருடையதை! லேசாக வளைந்திருந்தால் உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகி நிமிர்த்தலாம். முறுக்கிக்கொண்டிருந்தால், கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

‘நான் தொட்டதே இல்லை, புத்தம் புதுசு’ என்கிறாரே விற்பவர்?
*அதே வாசகர்*

அப்படியானால் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை, அதாவது ஃப்ரெட்டுகளைப் பாருங்கள். பள்ளம் இருந்தால், அது விழுந்தது எப்படி? கிடார் ராத்திரியில் தானே எழுந்து சாதகம் பண்ணியதா? தடித்த ஐந்தாவது கம்பியான ‘பி’ கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள். கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கம்பி செட் மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

நாலு கம்பி போதாதா?
*வாசகி, மதுரை*

அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு நாலு கம்பி போதுமாயிருந்தது. மீட்டுவதற்கு ஒரு விரலே போதுமாயிருந்தது! ஐந்தாவது கம்பியின் அடிச்சுரம் சுமார் 31 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அது எடுபடாது. கிடாரை மலிவாக வாங்கலாம். அதற்கேற்ற பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் மிச்சம் பிடித்த காசை வசூலித்துவிடும்.